சிரிப்பு வருது, வார்த்தை வரலையே!

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசிங் உதவியாளராக இருக்கிறேன். வயது 34. தமிழ் மீடியத்தில் படித்து பி.காம். முடித்தவள். எட்டு மாதமாக ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரம் ஆங்கிலக் காமெடி வீடியோ பார்க்கிறேன். புரிகிறது, சிரிப்பும் வருகிறது. புதுச் சொற்களைத் தமிழ் அர்த்தத்தோடு நோட்டில் எழுதியதில் 600-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் போன வாரம் பையரோடு (எங்களிடம் ஆடை வாங்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர்) வீடியோ கால். சாம்பிள் சட்டையில் ஒரு பட்டன் கழன்றுவிட்டதைச் சொல்ல வேண்டும். ‘பட்டன் ஈஸ் ஃபாலிங்’ என்றேன். அவர் திரையில் பட்டனைத் தேடினார். பக்கத்தில் இருந்த சீனியர்தான் சமாளித்தார். காமெடி பார்த்து இங்கிலீஷ் கற்பதே தப்பான வழியா? பேசாமல் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் சேர்ந்துவிடட்டுமா?
– வாசகி, திருப்பூர்

பதில் தருபவர்: ஆங்கிலப் பயிற்றுநர்

அன்புள்ள வாசகிக்கு,

வழி தப்பில்லை, தாராளமாகத் தொடருங்கள். நோட்டையும் பார்க்கும் முறையையும் மட்டும் மாற்ற வேண்டும். கிளாஸ் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பட்டன். ‘பட்டன் ஈஸ் ஃபாலிங்’ என்றால் பட்டன் இந்த விநாடி காற்றில் கீழே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் மனிதர் தேடினார். சொல்ல வேண்டியது ‘எ பட்டன் கேம் ஆஃப்’. இதில் உங்களுக்குத் தெரியாத சொல் எது? ஒன்றுமில்லை. யூ.கே.ஜி. பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள். தெரிந்த சொல் என்பதாலேயே இவை உங்கள் 600-க்குள் வந்திருக்காது. யாரும் ‘கம்’ என்று எழுதி ‘வா’ என்று அர்த்தம் போட்டுக்கொள்வதில்லை.

இப்போது நோட்டைத் திறந்து, பொருட்களின் பெயராக வரும் சொற்களுக்கெல்லாம் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். பாதிக்கு மேல் புள்ளி விழும் என்று நினைக்கிறேன். பெயர்ச்சொல்லைப் பொறுத்தவரை நமக்குப் பஞ்சமே இல்லை. ஃபேன், ஸ்விட்ச், பக்கெட், குக்கர், டவல், சோப்பு என்று வீட்டுத் தமிழிலேயே பாதி இங்கிலீஷ் உட்கார்ந்திருக்கிறது. வினைச்சொல்லிலும் வாஷ் பண்ணு, கட் பண்ணு, மிக்ஸ் பண்ணு என்று ‘பண்ணு’ போட்டுச் சமாளித்துவிடுகிறோம். ஆனால் நாம் வேண்டும் என்று செய்யாத, தானாக நடந்துவிடுகிற காரியங்கள் இருக்கிறதே, அவை இன்னும் சுத்தத் தமிழிலேயே இருக்கின்றன. பால் பொங்கிடுச்சு. தண்ணி கொட்டிடுச்சு. கால் தடுக்கிடுச்சு. கை தவறிடுச்சு. துப்பட்டா கதவுல மாட்டிக்கிச்சு. இவற்றுக்கு ஆங்கிலம் கேட்டால் பட்டதாரிக்கும் நாக்கு நிற்கும். பட்டன் கழன்றதும் இதே ஜாதிதான்.

காமெடி வீடியோ என்பது என்ன? எதுவோ ஒன்று தவறிப் போவது. கொட்டும், கவிழும், வழுக்கும், மாட்டிக்கொள்ளும், தீர்ந்துபோகும். உங்களிடம் இல்லாத சொற்கள் எங்கே கொட்டிக் கிடக்கின்றனவோ அங்கேதான் எட்டு மாதமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். அங்கிருந்து பொருட்பெயரை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

ஒரு துண்டு வீடியோவைப் பிரித்துப் பார்ப்போம். இந்த மாதிரி ஆயிரம் கிடைக்கும்: சமையல் மேடையில் பூனை. ஓரத்தில் ஒரு கண்ணாடி டம்ளர். பூனை நம்மைப் பார்த்துக்கொண்டே டம்ளரைக் காலால் தள்ளிவிடுகிறது. தண்ணீர் தரையெல்லாம். வீட்டுக்காரர் ஓடி வருகிறார், வழுக்குகிறார், கையிலிருந்த போன் போய்விடுகிறது, எழுந்திருக்கும்போது திறந்திருந்த அலமாரிக் கதவில் தலை இடிக்கிறது. மொத்தம் 40 விநாடி.

‘த கேட் நாக்ட் த கிளாஸ் ஆஃப் த கவுன்ட்டர்.’ நாக் என்றால் கதவைத் தட்டுவது என்று மட்டும் தெரிந்திருக்கும். ‘ஆஃப்’ சேர்ந்தால் மேலே இருந்ததைத் தட்டிக் கீழே தள்ளுவது. ‘நாக் ஓவர்’ என்றால் நிற்கிற பொருளை இடித்துச் சாய்ப்பது. டம்ளர் மேடையிலேயே சாய்ந்து கிடந்தால் அதுதான் சரி. கவுன்ட்டர் என்றதும் நமக்கு டிக்கெட் வாங்கும் இடம் நினைவுக்கு வரும். அவர்களுக்கு அது சமையல் மேடையும்தான். நாம் ஸ்லாப் என்கிறோமே, அதே.

‘த வாட்டர் ஸ்பில்ட் ஆல் ஓவர் த ஃப்ளோர்.’ இங்கே தமிழ் இலக்கண வகுப்பின் தன்வினை பிறவினையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தண்ணீர் சிந்தியது, நான் தண்ணீரைச் சிந்தினேன்: தமிழில் விகுதியும் வேற்றுமையும் யார் செய்தது என்று காட்டிக்கொடுத்துவிடும். உடைந்தது, உடைத்தேன் என்று சொல்லின் உருவமே மாறுவதும் உண்டு. ஆங்கிலத்தில் ஸ்பில், பிரேக், பாயில், ஓப்பன் எல்லாம் இரண்டுக்கும் ஒரே உருவம். ‘த மில்க் ஸ்பில்ட்’, ‘ஐ ஸ்பில்ட் த மில்க்’. யார் முதலில் வருகிறார் என்பதில்தான் அர்த்தம். அப்பாடா, ஒரு வேலை மிச்சம் என்று நினைக்கும்போதே அடுத்தது வேறு மாதிரி வரும்.

‘ஹி ட்ராப்ட் ஹிஸ் ஃபோன்.’ போனைக் கீழே போட்டுட்டேன் என்பதை அப்படியே ‘ஐ புட் த ஃபோன் டவுன்’ என்று சொல்லிவிடுகிறோம். அதற்கு அர்த்தம் போனைப் பத்திரமாக மேஜையில் வைத்தேன் என்பது. கை தவறி விழுந்தால் ட்ராப். போன் தானாக விழுந்தால் ஃபால். இங்கே ஆங்கிலத்தில் இரண்டு தனிச் சொற்கள். நம்முடைய ‘போடு’ இருக்கிறதே, அது ஒரு தனி உலகம். சட்டை போடுவது, டீ போடுவது, லைட் போடுவது, ஊசி போடுவது, சண்டை போடுவது, ஓட்டுப் போடுவது, கீழே போடுவது எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் வேறு வேறு சொல். ‘போடு’ வரும் இடமெல்லாம் ‘புட்’ என்று நாக்கு போகும். அங்கே பிரேக் போடுங்கள். இந்த பிரேக் ‘போடுவதற்கும்’ அவர்கள் சொல் வேறு.

‘ஹி ஸ்லிப்ட் ஆன் த வெட் ஃப்ளோர்.’ ஸ்லிப் நமக்குத் துண்டுச் சீட்டு, ட்ரிப் நமக்கு ஊட்டி, கொடைக்கானல், ட்ராப் நமக்கு வண்டியில் கொண்டுபோய் விடுவது. மூன்றுக்கும் விழுவது சம்பந்தமான அர்த்தம் உண்டு. வழுக்கினால் ஸ்லிப், எதிலாவது கால் தடுக்கினால் ட்ரிப், தடுமாறி விழாமல் சமாளித்தால் ஸ்டம்பிள். தரை மேல் வழுக்குவதற்கு ‘ஆன்’, வயர் தடுக்குவதற்கு ‘ஓவர்’: ‘ஹி ட்ரிப்ட் ஓவர் த வயர்’. வீடியோவில் இந்த மூன்றையும் கண்ணால் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம். அகராதியில் மூன்றுக்கும் அருகருகே அர்த்தம் போட்டிருக்கும், பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

‘ஹி பம்ப்ட் ஹிஸ் ஹெட் ஆன் த டோர்.’ இடித்துக்கொண்டார். ஆள் மேல் மோதினால் ‘பம்ப்ட் இன்டு’. பழைய நண்பரைத் தற்செயலாகச் சந்தித்தாலும் இதே ‘பம்ப்ட் இன்டு’தான், அங்கே தலை வீங்காது.

ஆக 40 விநாடியில் ஐந்து வாக்கியம். ஐந்தே போதும்.

இங்கே படிக்க வசதியாக ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் கொடுக்கிறேன். நீங்கள் நோட்டில் அப்படி எழுதாதீர்கள், ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். தமிழில் ஒரே ‘க’ இரண்டு ஆங்கில ஒலிகளைச் சுமக்கிறது, ‘ப’வும் ‘ட’வும் அப்படியே. ‘கேம் ஆஃப்’ என்று எழுதிப் படித்துப் பழகினால் ஒரு நாள் அது ‘கேம் ஆப்பு’ என்று வாயில் வரும். பையருக்கு அது மொபைலில் விளையாடும் செயலியாகக் காதில் விழும்.

எந்த வீடியோவை எடுப்பது? ஆங்கிலத்தில் சாதாரணப் பேச்சு நிமிஷத்துக்குச் சுமார் 150 சொல் ஓடும். 40 விநாடித் துண்டில் 100 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் தெரியாத சொல் ஐந்துக்குள் இருந்தால் அது உங்களுக்கான வீடியோ. பத்தைத் தாண்டினால் படம் மட்டும்தான் புரியும். சிரித்துவிட்டுத் தள்ளிவிடுங்கள், நோட்டை எடுக்க வேண்டாம். குடும்பத்தில் நடக்கிற சின்னச் சின்ன ரகளைகள், செல்லப்பிராணிகளை வைத்து வீட்டுக்காரர் பேசுவது, சமையல் சொதப்பல் இவை நல்லவை. குரல் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், பேசுகிற பொருள் கண்முன்னே இருக்கும்.

ஸ்டாண்ட்-அப் காமெடியை இப்போதைக்கு ஒதுக்குங்கள். அங்கே கண்ணுக்கு எதுவும் கிடையாது, எல்லாமே பேச்சு. பாதி நகைச்சுவை அந்த ஊர் அரசியலையும் டி.வி.யையும் தெரிந்தவர்களுக்கு. பின்னணியில் கூட்டச் சிரிப்பு வைத்த நாடகத் தொடர்களில் வேறொரு சங்கடம் உண்டு: முக்கியமான கடைசிச் சொல் மேலேயே சிரிப்புச் சத்தம் ஏறிவிடும்.

தமிழிலேயே வரும் ‘இங்கிலீஷ் காமெடி’ ரீல்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒருவர் தப்புத் தப்பாக இங்கிலீஷ் பேசுவார், இன்னொருவர் தலையில் அடித்துக்கொள்வார். சரியான வடிவம் ஏற்கெனவே தெரிந்தவருக்கு அது வெறும் சிரிப்பு. தெரியாதவருக்கு அந்தத் தப்பே மனப்பாடம் ஆகிவிடும், ஏனென்றால் சிரிப்பு வந்த இடம்தான் மனதில் நிற்கும். அதோடு ஒரு நிமிஷ ரீலில் ஆங்கிலம் ஐந்தாறு விநாடிதான் இருக்கும். பொழுதுபோக்குக்குப் பாருங்கள், பாடக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று, முதல் மூன்று மாதம் ஒரே நாட்டு உச்சரிப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் பையர்கள் எந்த ஊர்க்காரர்களோ அதையே எடுத்தால் இரட்டை லாபம். அமெரிக்கர் வாயில் வாட்டர் ‘வாடர்’ ஆகும், ‘புட் இட் ஆன்’ என்பது ‘புடிடான்’ ஆகும். பிரிட்டிஷ்காரர் வேறு மாதிரி விழுங்குவார். இரண்டையும் ஒரே வாரத்தில் கேட்டால் காது எதற்கும் பழகாது.

இனி பார்க்கும் முறை. உங்கள் ஒரு மணி நேரத்தை 25 நிமிஷமாகக் குறைக்கச் சொல்கிறேன், சந்தோஷம்தானே?

முதல் தடவை எழுத்து எதுவும் இல்லாமல் முழுசாகப் பாருங்கள். நன்றாகச் சிரித்துவிடுங்கள். சிரித்து முடிக்காமல் படிக்க உட்கார்ந்தால் கவனம் கதையிலேயே இருக்கும்.

இரண்டாவது தடவை போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்து ஒலியை மட்டும் கேளுங்கள். இங்கேதான் பலருக்கு அதிர்ச்சி. ‘புரிகிறது’ என்று இத்தனை மாதம் நினைத்ததில் எவ்வளவு படத்தால் புரிந்தது, எவ்வளவு மொழியால் புரிந்தது என்று அப்பட்டமாகத் தெரிந்துவிடும். பூனை டம்ளரைத் தள்ளுவதைப் பார்த்துச் சிரிக்க ஆங்கிலமே தேவையில்லை. ஒலியை மட்டும் கேட்டு எந்த இடத்தில் தொலைந்துபோகிறீர்களோ, அந்த இடம்தான் அன்றைய பாடம்.

மூன்றாவது தடவை ஆங்கில எழுத்து ஓடும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பு எழுத்து வேண்டவே வேண்டாம். கண் தமிழைப் படிக்க ஆரம்பித்த நொடியில் காது கடையைச் சாத்திவிடும். தானியங்கியாக வரும் ஆங்கில எழுத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினாலோ, சிரித்துக்கொண்டே பேசினாலோ தப்பான சொல்லைப் போட்டுவிடும். வாக்கியம் அர்த்தமில்லாமல் தெரிந்தால் உங்கள் காதைச் சந்தேகப்படும் முன் எழுத்தைச் சந்தேகப்படுங்கள். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதிகள் இணையத்தில் இலவசம். ஒவ்வொரு சொல்லுக்கும் பிரிட்டிஷ், அமெரிக்க ஒலி இரண்டும் உண்டு, அழுத்திக் கேட்கலாம்.

ஐந்து வாக்கியத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? சிரிப்பு வந்த கணத்தைச் சொல்லும் வாக்கியம் கட்டாயம் ஒன்று. அது தானாகவே ஞாபகத்தில் நிற்கும். அதற்கு முந்தின வாக்கியத்தையும் கட்டாயம் எடுங்கள். சிரிப்புக்கு முன்னால் போனது பெரும்பாலும் மறந்துபோகிறது. நகைச்சுவையில் உள்ள பெரிய ஓட்டை அதுதான். மற்ற மூன்று உங்கள் விருப்பம், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு வினைச்சொல்லாவது புதிதாக இருக்க வேண்டும். யாரும் பேசாத வீடியோவாக இருந்தால், நடந்ததைத் தமிழில் ஐந்து வாக்கியமாக எழுதி, வினைச்சொல்லை அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு ஒப்பிட்டு ஆங்கிலமாக்குங்கள்.

நான்காவது, கூடவே பேசுவது. வேகத்தை 0.75-க்குக் குறைத்து, ஒரு வாக்கியத்துக்கு மூன்று தடவை, அவர் வாயோடு உங்கள் வாயும் போக வேண்டும். 0.5-க்குப் போகாதீர்கள், குரல் இழுத்து, இரண்டு சொல் ஒட்டும் இடமெல்லாம் கோணலாகக் கேட்கும். யூடியூபில் என்றால் போன் திரையின் இடது பக்கத்தை இருமுறை தட்டினால் 10 விநாடி பின்னால் போகும். கம்ப்யூட்டரில் இடது அம்புக்குறி 5 விநாடி பின்னால் கொண்டுபோகும். ரீல்ஸ் மாதிரியான செங்குத்து வீடியோக்கள் இந்த வேலைக்குச் சரிப்படாது. விரல் தன்னால் மேலே தள்ளிவிடும், அடுத்தது வந்துவிடும், ஒரு மணி நேரம் போய்விடும்.

கூடவே பேசும்போது கவனிக்க வேண்டியது கடைசி ஒலி. ஸ்லிப், ட்ராப், பம்ப், நாக் இவற்றின் இறந்தகாலம் ‘ஸ்லிப்ட்’, ‘ட்ராப்ட்’ என்று ஒரே அசையில் முடியும். ‘ஸ்லிப்பெட்’, ‘ட்ராப்பெட்’ என்று இழுக்கக் கூடாது. ‘-இட்’ என்று தனி அசை வருவது t, d ஒலியில் முடியும் சொற்களுக்கு மட்டும்: வான்டட், நீடட். இரண்டாவது நம் ஊர் ‘உ’. கப்பு, பக்கெட்டு, பஸ்ஸு என்று மெய்யெழுத்தில் முடியும் சொல்லுக்கு ஒரு வாலை மாட்டுவது தமிழ் நாக்குக்கு இயல்பு. வீட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். காலில் பேசும்போது வாலை வெட்டுங்கள்.

ஐந்தாவது தடவை ஒலியை முழுசாக அணைத்துவிட்டு, படத்தை ஓடவிட்டு நீங்கள் வர்ணனை சொல்ல வேண்டும். கிரிக்கெட் வர்ணனை மாதிரி. இதுதான் எட்டு மாதமாக விட்டுப்போன படி. கேட்டுப் புரிந்துகொள்வது ஒரு திறமை, தேவையான சொல்லைத் தேவையான விநாடியில் உள்ளிருந்து எடுப்பது வேறு திறமை. முன்னதை எவ்வளவு செய்தாலும் பின்னது தானாக வளராது. முதல் வாரம் படம் முடிந்த பிறகும் நீங்கள் இரண்டாவது வாக்கியத்திலேயே நிற்பீர்கள். நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். மூன்றாவது வாரம் படத்தோடு சேர்ந்து ஓட ஆரம்பிக்கும்.

நோட்டு. பக்கத்தை நடுவில் மடியுங்கள். இடது பக்கம் நீங்கள் வீட்டில் உண்மையாகச் சொல்லும் தமிழ்: ‘பூனை டம்ளரைத் தட்டி விட்டுடுச்சு’. வலது பக்கம் ஆங்கில வாக்கியம். தனிச் சொல்லும் அர்த்தமும் எழுதும் பழக்கம் இன்றோடு முடிந்தது. ‘ஸ்பில் - சிந்து’ என்று எழுதினால் அதை எதோடு, எந்தக் காலத்தில், எந்த முன்னிடைச்சொல்லோடு (‘ஆன்’, ‘ஓவர்’ மாதிரி) சேர்ப்பது என்று தெரியாமல் அது அப்படியே கிடக்கும், உங்கள் 600-ம் கிடப்பது போல. தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து ஆங்கிலத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு மடிப்பைத் திறந்து சரிபாருங்கள். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழ் சொல்வது சுலபம், பயன் குறைவு.

எப்போதெல்லாம் திருப்பிப் பார்ப்பது? ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதனைப்பொருளாக்கி மறதியை அளந்து 1885-ல் புத்தகமாக வெளியிட்டார். மனப்பாடம் செய்ததில் பெரும்பகுதி முதல் ஒரு நாளுக்குள்ளேயே நழுவுகிறது, அதன் பிறகு நழுவல் மெதுவாகிறது என்பது அவர் கண்டது. அதனால் முதல் திருப்புதல் மறுநாள் காலையிலேயே இருக்க வேண்டும். பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தொன்றாம் நாள். பக்கத்தின் மேல் ஓரத்தில் நான்கு தேதியையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள், பார்த்ததும் அடியுங்கள். தடுமாறின வாக்கியம் மட்டும் மறுநாள் பக்கத்துக்குப் போகும்.

மறுநாள் காலை நோட்டைத் திறக்கும் முன் ஒன்று. சமையலறையில் நிற்கும்போது பூனையை விட்டுவிட்டு அதே வாக்கியத்தில் உங்கள் வீட்டுப் பொருளைப் போடுங்கள். ‘ஐ நாக்ட் ஓவர் த ஆயில் பாட்டில்’. ‘த மில்க் பாயில்ட் ஓவர்’. பால் பொங்குவதற்கு இதுதான். ‘வி ரேன் அவுட் ஆஃப் கேஸ்’, கேஸ் தீர்ந்துபோச்சு. தோசைக்கல்லில் ஒட்டிக்கொண்டால் ‘இட் ஸ்டக் டு த பேன்’. வீடியோவிலிருந்து வீட்டுக்கு இடம் மாறாத வாக்கியம் வீடியோவோடே போய்விடும்.

வாரத்துக்கு மூன்று வீடியோ, 15 வாக்கியம். நான்காவதைத் தொடாதீர்கள். 50 வாரத்தில் 750 வாக்கியம், 600 சொல்லை விட இது எவ்வளவோ மேல்.

அந்த 600-ஐத் தூக்கிப் போட வேண்டாம், சலித்தெடுங்கள். மைக்கேல் வெஸ்ட் என்று ஒரு ஆங்கில ஆசிரியர்; டாக்காவில் கல்விப் பணியில் இருந்து, நம் துணைக்கண்டத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கத் திணறுவதைக் கிட்ட இருந்து பார்த்தவர். அடிக்கடி புழங்கும் சுமார் 2,000 சொற்களின் பட்டியலை 1953-ல் வெளியிட்டார். அதே யோசனையில் 2013-ல் வேறு ஆய்வாளர்கள் சுமார் 2,800 சொல்லோடு புதிய பட்டியல் தயாரித்தார்கள். ‘நியூ ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்’ என்று தேடினால் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் நோட்டுச் சொல் அதில் இருந்தால் அதற்கு ஒரு வாக்கியம் எழுதி மடிப்புப் பக்கத்துக்கு மாற்றுங்கள். அதில் இல்லாத சொல் உங்கள் துணித் தொழிலுக்கு வேண்டியதானால் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

வீடியோவிலிருந்து வாயில் ஒட்டிக்கொள்ளும் சில சொற்களிடம் ஜாக்கிரதை. அங்கே நண்பர்களுக்குள் ‘திஸ் சக்ஸ்’, ‘க்ராப்’ என்றெல்லாம் தாராளமாகப் புழங்கும். பையரிடம் துணியைப் பற்றி அப்படிச் சொன்னால் முகம் சுளிப்பார். ‘கோயிங் டு’, ‘வான்ட் டு’ சுருங்கி வரும் ‘கோனா’, ‘வானா’ பேச்சில் பரவாயில்லை, மெயிலில் கூடாது. தலைகீழாகவும் ஒன்று உண்டு. சொதப்பல் வீடியோக்களில் ‘ஹி பாஸ்ட் அவுட்’ என்று வரும். மயங்கி விழுந்தார் என்று அர்த்தம். நம் ஊரில் கல்லூரி முடித்ததைச் சொல்லும் ‘ஐ பாஸ்ட் அவுட்’ அமெரிக்கக் காதில் அப்படித்தான் விழும். ‘ஐ கிராஜுவேட்டட்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் வேலைக்கு நேராக உதவும் வீடியோ வகை ஒன்று இருக்கிறது: துணி துவைத்துச் சொதப்புவது. வெள்ளைத் துணியோடு ஒரு சிவப்பு சாக்ஸ் போய் எல்லாம் ரோஸ் ஆவது, கம்பளிச் சட்டை மெஷினில் சுருங்கிக் குழந்தைச் சட்டை ஆவது. வாரத்துக்கு ஒன்று இதில் எடுங்கள். சாயம் போகுது, ‘த கலர் ரன்ஸ்’. சுருங்கிடுச்சு, ‘இட் ஷ்ரேங்க்’. மங்கிடுச்சு, ‘இட் ஃபேடட்’. தையல் பிரிஞ்சிடுச்சு, ‘த சீம் கேம் அன்டன்’. ஜிப் மாட்டிக்கிச்சு, ‘த ஜிப் காட் ஸ்டக்’. பட்டன் நூலில் தொங்கிக்கொண்டிருந்தால் ‘த பட்டன் ஈஸ் ஹேங்கிங் பை எ த்ரெட்’. நூல் தீர்ந்தால் ‘வி ரேன் அவுட் ஆஃப் த்ரெட்’. கேஸுக்கு வந்த அதே வாக்கியம், பொருள் மட்டும் மாறியிருக்கிறது. இரண்டு சைஸை மாற்றி அனுப்பிவிட்டால் ‘வி மிக்ஸ்ட் அப் த சைஸஸ்’.

கிளாஸ் விஷயம். சொற்களுக்காக என்றால் இப்போது அவசியமில்லை. பேசிப் பழக ஆள் வேண்டும் என்றால் சேரலாம், ஆனால் கணக்குப் போட்டுச் சேருங்கள். 30 பேர் உட்காரும் ஒரு மணி நேர வகுப்பில் ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும் உங்கள் பங்கு 2 நிமிஷம். டெமோ வகுப்புக்குப் போய், நீங்கள் பேசிய நிமிஷத்தை மட்டும் எண்ணுங்கள். பத்துக்குக் கீழே என்றால் அந்தப் பணத்துக்கு டேட்டா பேக் போட்டுக்கொள்ளலாம். மூன்று மாதம் இந்த முறையில் போனபின் ஆறு பேருக்குள் இருக்கும் வகுப்பு கிடைத்தால் நல்லது. அதுவரை அந்த சீனியரையே கேளுங்கள். டீ நேரத்தில் 5 நிமிஷம், மடித்த நோட்டின் தமிழ்ப் பக்கத்தை அவர் படிக்க, நீங்கள் ஆங்கிலம் சொல்ல வேண்டும். அவர் திருத்துவதை விட, ஒரு மனித முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பழகுவதுதான் அங்கே முக்கியம்.

அடுத்த காலுக்கு முந்தின நாள் சாம்பிள் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் என்னென்ன கோளாறு இருக்கிறதோ அதை மட்டும் ஐந்து வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். ‘கேம் ஆஃப்’ சொல்லும்போது உள்ளங்கையை வாய்க்கு முன் நான்கு விரல் தூரத்தில் பிடியுங்கள். முதல் ஒலியில் கையில் காற்று பட வேண்டும். படாவிட்டால் அது விளையாட்டு ‘கேம்’. கடைசி ஒலியில் மேல் பல் கீழ் உதட்டைத் தொட்டுக் காற்று கசிய வேண்டும். உதடு இரண்டும் ஒட்டினால் அது ‘ஆப்’.